பிக்கப் வண்டியில் ஓயாத அலாரம்: சத்தம் வரும் நேரத்தை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

சீட் பெல்ட், கதவு, ஹேண்ட் பிரேக், டயர் காற்று என்று எதற்காக அடித்தாலும், பெரும்பாலான பிக்கப்களில் அந்த பீப் வருவது ஒரே இடத்தில் இருந்துதான். பழைய வண்டியில் மீட்டர் போர்டுக்குள் ஒரு சின்ன பஸ்ஸர் இருக்கும். புதியவற்றில் பாட்டு கேட்கும் ஸ்பீக்கரே அந்த வேலையையும் பார்க்கும். அந்த பஸ்ஸரைக் கழற்றிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பெல்ட் சத்தத்தோடு சேர்ந்து ஆயில் பிரஷர் இறங்கியதைச் சொல்லும் சத்தமும், இன்ஜின் கொதிப்பதைச் சொல்லும் சத்தமும் போய்விடும். ஃபியூஸைப் பிடுங்குவதும் இப்படித்தான். அந்த ஃபியூஸில் மீட்டர் போர்டு முழுவதுமே ஓடிக்கொண்டிருக்கலாம்.

பொய்யாக அடிக்கும் அலாரத்துக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரே ஒரு ஸ்விட்ச், ஒரே ஒரு சென்சார் அல்லது ஒரு வயர்தான் இருக்கும். அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்தால் சத்தம் தானாக நிற்கும். அது எது என்பதை, சத்தம் எப்போது வருகிறது என்பதே பாதி சொல்லிவிடும். அதனால் கருவி எதையும் கையில் எடுப்பதற்கு முன் கொஞ்சம் கவனியுங்கள். சாவியைத் திருப்பியதுமே அடிக்கிறதா, வண்டி நகர்ந்த பிறகா? மேடுபள்ளத்தில் விட்டுவிட்டு வருகிறதா? லோடு ஏற்றினால் மட்டுமா? மழை பெய்த மறுநாளா? சத்தம் வரும் நொடியில் டேஷ்போர்டில் எந்த விளக்கு எரிகிறது? பக்கத்தில் ஒருவர் இருந்தால் போனில் வீடியோ எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பிறகு மெக்கானிக்கிடம் போக நேர்ந்தால் அதுவே பெரிய உதவி.

விளக்கு சிவப்பா மஞ்சளா என்று பார்ப்பது எல்லாவற்றுக்கும் முன்னால். எண்ணெய்க் குடுவை, வெப்பமானி, பிரேக் ஆகிய மூன்று படங்களில் ஒன்று சிவப்பாக எரிந்துகொண்டு அலாரமும் அடித்தால் ஓரமாக நிறுத்திவிடுங்கள். எண்ணெய்க் குடுவையோ வெப்பமானியோ என்றால் இன்ஜினையும் உடனே அணையுங்கள். அது பொய்யா நிஜமா என்று ஓட்டிப் பார்க்கக் கூடாது. மஞ்சள் என்றால் பெரும்பாலும் வீடு போய்ச் சேர்ந்து நிதானமாகப் பார்க்க நேரம் இருக்கிறது.

பெல்ட் போட்டிருக்கிறேன், ஆனாலும் அடிக்கிறது

அதிகம் வரும் புகார் இதுதான். பெல்ட்டின் நாக்கு உள்ளே போனதை பக்கிளுக்குள் இருக்கும் ஒரு சின்ன ஸ்விட்ச்தான் வண்டிக்குச் சொல்கிறது. பிக்கப் என்றால் மண், தூசு, வைக்கோல் துரும்பு, சிந்திய டீ எல்லாம் அந்த ஓட்டைக்குள்தான் இறங்கும். சில்லறைக் காசுகூட உள்ளே விழுந்து கிடப்பது உண்டு. டார்ச் அடித்துப் பாருங்கள். வாக்குவம் கிளீனரால் முதலில் உறிஞ்சுங்கள், அப்புறம் காற்று ஸ்பிரே அடியுங்கள். எண்ணெயோ கிரீஸோ உள்ளே விடவே கூடாது. அது தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நாளாக ஆக பக்கிள் சரியாகப் பூட்டாமலே போகலாம். சுத்தம் செய்த பிறகு பெல்ட்டை மாட்டி, 'கிளிக்' என்று கேட்டதும் பலமாக இழுத்துப் பாருங்கள். நன்றாகப் பூட்டியிருக்கிறது, ஆனால் நாக்கை லேசாக ஆட்டினால் சத்தம் நின்று நின்று வருகிறது என்றால் உள்ளே ஸ்விட்ச் தேய்ந்துவிட்டது. பக்கிளைப் பிரித்துப் பார்க்கும் வேலை வேண்டாம், முழுதாக மாற்றுவதுதான் முறை.

பக்கிள் நன்றாக இருந்தால் அடுத்து சீட்டுக்கு அடியில் பாருங்கள். ஜாக்கி, கயிறு, ஸ்பேனர் பை எல்லாவற்றையும் நாம் அங்கேதான் திணிக்கிறோம். அவை வயரையும் கனெக்டரையும் இழுத்துத் தளர்த்திவிடும். சாவியைத் திருப்பி, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், சீட்டை முழுதாக முன்னால் நகர்த்தி மெதுவாகப் பின்னால் தள்ளுங்கள். ஏதோ ஓர் இடத்தில் மட்டும் அலாரம் மாறினால் கோளாறு வயரில்தான். ஆனால் ஒன்று: அங்கே மஞ்சள் நிறக் கனெக்டரோ மஞ்சள் குழாய்க்குள் ஓடும் வயரோ இருந்தால் அது ஏர்பேக்குக்கோ, மோதும்போது பெல்ட்டை வெடித்து இழுக்கும் கருவிக்கோ போகிறது. அதைத் தொடாதீர்கள். சாவி ஆனில் இருக்கும்போது அதைப் பிரித்தால் ஏர்பேக் விளக்கு எரியத் தொடங்கும். மறுபடி மாட்டினாலும் பல வண்டிகளில் ஸ்கேனர் (வண்டிக் கணினியில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் கருவி) வைத்து அழித்தால்தான் அது அணையும்.

பக்கத்து சீட்டில் யாரும் இல்லை, ஆனாலும் அடிக்கிறது

சீட் மெத்தைக்குள் எடையை உணரும் சென்சார் இருக்கிறது. பை, மடிக்கணினி, டூல் பாக்ஸ், நாய் என்று எது ஏறினாலும் ஆள் உட்கார்ந்ததாகவே அது நினைக்கும். சாமானைக் கீழே கால் வைக்கும் இடத்துக்கு மாற்றுங்கள். அவசர பிரேக் போட்டால் முன்னால் பறக்காமல் இருக்கவும் அதுதான் நல்ல இடம். காலி சீட்டுக்கே அடித்தால் சீட் கவரைச் சந்தேகப்படுங்கள். இறுக்கமாகத் தைத்த கவர் மெத்தையை அழுத்திக்கொண்டே இருக்கும். கவரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். சீட்டுக்கும் நடுப்பெட்டிக்கும் இடையே குடையோ தண்ணீர் பாட்டிலோ சிக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஜன்னல் திறந்து கிடந்து மெத்தை நனைந்திருந்தால் சில வகை சென்சார் குழம்பும், நன்றாகக் காய்ந்த பிறகு சரியாகிவிடும். எதிலும் அடங்கவில்லை என்றால் 'காலி சீட் எடை இவ்வளவு' என்று சென்சாருக்கு ஸ்கேனர் மூலம் மறுபடி சொல்லித்தர வேண்டியிருக்கும்.

இந்தத் தொல்லைக்கு அரை நூற்றாண்டு வரலாறு உண்டு. பெல்ட் போடாவிட்டால் இன்ஜின் ஸ்டார்ட்டே ஆகாத பூட்டு அமெரிக்காவில் 1974 மாடல் கார்களில் வந்தது. முன் சீட்டில் மளிகைப் பையை வைத்தால்கூட வண்டி கிளம்ப மறுத்தது. மக்கள் கொதித்துப்போனார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அந்தப் பூட்டைக் கட்டாயமாக்கக் கூடாது என்றும், 8 விநாடிக்கு மேல் பஸ்ஸர் அடிக்க வேண்டும் என்று விதி போடக் கூடாது என்றும் அந்நாட்டு நாடாளுமன்றம் சட்டமே இயற்றிவிட்டது. நல்ல நோக்கத்தோடு வந்த கருவியானாலும், பொய்யாகத் தொந்தரவு செய்தால் மக்கள் அதைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். பொய் அலாரத்தைச் சகித்துக்கொண்டு ஓட்டாமல் உடனே சரிசெய்யுங்கள் என்று நான் வற்புறுத்துவதும் இதனால்தான்.

பக்கிளில் சொருகிச் சத்தத்தை அடக்கும் வெறும் உலோக நாக்கு கடைகளில் கிடைக்கிறது. அதை வாங்கவே வாங்காதீர்கள். முன் சீட்டில் பெல்ட் போடுவதால் உயிர் போகும் அபாயம் கார்களில் சுமார் 45 சதவீதம் குறைகிறது, பிக்கப் போன்ற இலகு ரக டிரக்குகளில் சுமார் 60 சதவீதம் குறைகிறது என்பது அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையின் கணக்கு. பிக்கப் உயரமானது, கவிழும் வாய்ப்பு கூடுதல். கவிழும்போது ஆளை உள்ளே பிடித்து வைப்பது பெல்ட்தான். போதாததற்கு, பல வண்டிகளில் ஏர்பேக் எப்படித் திறக்க வேண்டும் என்பதையும் பக்கிள் ஸ்விட்சைப் பார்த்தே கணினி முடிவு செய்கிறது. வெறும் நாக்கைச் சொருகி வைத்தால், பெல்ட் போட்ட ஆளுக்கு எப்படித் திறக்குமோ அப்படித்தான் பெல்ட் போடாத ஆளுக்கும் திறக்கும்.

தோட்டத்துக்குள் நடை வேகத்தில் ஓட்டி, பத்தடிக்கு ஒருமுறை இறங்கி ஏற வேண்டியிருக்கும் வேலையில் இந்தச் சத்தம் உண்மையிலேயே பாடாய்ப் படுத்தும். அது எனக்குப் புரிகிறது. சில நிறுவனங்கள் அதைத் தற்காலிகமாக அணைக்கும் முறையை வண்டியின் கையேட்டிலேயே கொடுத்திருக்கின்றன. அதில் இருந்தால் அந்த முறையிலேயே அணைத்துக்கொள்ளுங்கள், ரோட்டில் ஏறும் முன் மறக்காமல் திருப்பிப் போடுங்கள்.

கதவு மூடியிருக்கிறது, திறந்திருப்பதாகச் சொல்கிறது

இதற்கு நல்ல துப்பு, கேபின் விளக்கு. அணையாமல் எரிந்தாலோ, பள்ளத்தில் இறங்கும்போது மினுக்கினாலோ, பூட்டும்போது கதவு பூட்ட மறுத்தாலோ ஏதோ ஒரு கதவின் ஸ்விட்ச் ஏமாற்றுகிறது என்று பொருள். பழைய வண்டியில் கதவு நிலையில் ரப்பர் தொப்பி போட்ட ஒரு குமிழ் இருக்கும். அதை விரலால் அழுத்தினால் விளக்கு அணைகிறதா என்று பார்த்தால் வேலை முடிந்தது. புதியவற்றில் ஸ்விட்ச் கதவுப் பூட்டுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது.

எந்தக் கதவு என்று வண்டி சொல்லவில்லை என்றால் இப்படிக் கண்டுபிடிக்கலாம். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, விளிம்பில் தெரியும் பூட்டின் கொக்கியை ஸ்க்ரூ டிரைவரால் இரண்டு 'கிளிக்' கேட்கும் வரை தள்ளுங்கள். கதவு மூடியதாக வண்டி நினைக்க வேண்டும். மற்றக் கதவுகள் மூடியிருக்க, விளக்கு அணைந்தால் அந்தக் கதவின் ஸ்விட்ச் நன்றாக இருக்கிறது. அப்படியென்றால் கதவு போதுமான அளவு இறுக மூடவில்லை. கீல் தொங்கியிருக்கலாம், நிலையில் உள்ள கம்பி வளையம் நகர்ந்திருக்கலாம். விளக்கு அணையவில்லை என்றால் அடுத்தடுத்த கதவையும் இதே போலச் சோதியுங்கள். சோதித்து முடித்ததும் கைப்பிடியை இழுத்துக் கொக்கியை விடுவித்துவிட்டுத்தான் கதவை மூட வேண்டும். மறந்து ஓங்கிச் சாத்தினால் பூட்டு உடைந்துவிடும்.

பல நேரங்களில் கோளாறு வெறும் அழுக்குதான். பூட்டுக்குள் கிளீனர் ஸ்பிரே அடித்து, கொக்கியைப் பலமுறை அடைத்துத் திறந்து, காய்ந்த பிறகு வெள்ளை லித்தியம் கிரீஸ் கொஞ்சம் வையுங்கள். அதிலும் சரியாகவில்லை என்றால் கதவுக்கும் தூணுக்கும் இடையே போகும் ரப்பர் குழாயைப் பாருங்கள். ஆயிரக்கணக்கான முறை மடங்கி மடங்கி அதற்குள் வயர் அறுந்துபோவது சகஜம். கதவைப் பாதி திறந்து அந்தக் குழாயை வளைத்துப் பார்த்தால், ஜன்னலோ ஸ்பீக்கரோ சேர்ந்து விட்டுவிட்டு வேலை செய்வது தெரியும்.

ஒன்றரை கேபின் பிக்கப்பில் பின்னால் இருக்கும் குட்டிக் கதவுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு பூட்டு உண்டு. கீழ்ப் பூட்டில் மண் அடைத்துக்கொண்டால் மேலே மட்டும் பிடித்திருக்கும். வெளியே இருந்து பார்த்தால் மூடியது போலவே தெரியும். இது பொய் அலாரம் இல்லை, ஓடும்போது திறந்துகொள்ளக்கூடிய கதவு. டெயில்கேட்டுக்கு, அதாவது லோடு ஏற்றும் தொட்டியின் பின்கதவுக்கு, சென்சார் உள்ள வண்டியில், மணலோ ஜல்லியோ அடித்து இறக்கிய பிறகு இந்தச் சத்தம் வந்தால் கேட்டின் பூட்டு ஓட்டைகளில் கல் சிக்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஹேண்ட் பிரேக்கை எடுத்த பிறகும், நகர்ந்ததும் அடிக்கிறது

காலால் அழுத்தும் பார்க்கிங் பிரேக் உள்ள பிக்கப்களில் அந்தப் பெடல் முழுதாக மேலே திரும்பாமல் நிற்பது உண்டு. வண்டியை நிறுத்தி வைத்து, பெடலின் அடியில் கையை வைத்து மேலே தூக்கிப் பாருங்கள், லீவர் என்றால் கீழே அழுத்திப் பாருங்கள். விளக்கு அணைந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது அல்லது ஸ்விட்சைச் சற்று நகர்த்திப் பொருத்த வேண்டும். சின்ன வேலைதான்.

அணையவில்லை என்றால் அதே சிவப்பு விளக்கு பிரேக் ஆயில் குறைந்ததையும் சொல்லும் என்பதை நினைவில் வையுங்கள். வளைவிலும் இறக்கத்திலும் மட்டும் மினுக்கினால் ஆயில் விளிம்பு அளவில் தளும்புகிறது. பானெட்டைத் திறந்து டப்பாவின் இரண்டு கோடுகளுக்கு இடையே இருக்கிறதா என்று பாருங்கள். குறைந்திருந்தால் ஊற்றிவிட்டுப் போகலாம் என்று தோன்றும். ஆனால் அது ஏன் குறைந்தது? பிரேக் பேட் தேயத் தேய ஆயில் மெல்ல இறங்குவது இயல்பு. அப்படியானால் மாற்ற வேண்டியது பேட். சில நாட்களில் சட்டென்று இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது. சக்கரங்களின் உள்பக்கத்தையும் பிரேக் பெடலுக்கு மேலேயும் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். கசிவு இருந்தால் அந்த வண்டியை ஓட்டக் கூடாது.

ரிவர்ஸ் போட்டதும் பின்னால் எதுவும் இல்லாமலே நீண்ட சத்தம்

பம்பரில் உள்ள வட்டச் சென்சார்கள் காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, அது மோதித் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுகின்றன. சேறு, நீர்த்துளி, பனி, ஒட்டிய இலை எதுவானாலும் அதற்குச் சுவர்தான். ஈரத்துணியால் துடைப்பதில் தொடங்குங்கள். அடுத்து, டிரெய்லர் மாட்டும் கொக்கியின் உருண்டையைக் கழற்றி வைத்துப் பாருங்கள். பல பிக்கப்களில் காரணம் அதுவாகத்தான் இருக்கும். தொட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பைப், தொங்கவிட்ட டெயில்கேட் இவையும் சென்சார் கண்ணில் படும். அளவுக்கு மீறி லோடு ஏற்றிப் பின்பக்கம் அமுங்கினால் சென்சார் கீழ்நோக்கித் திரும்பித் தரையையே தடையாகக் காட்டலாம். பம்பர் இடிபட்டு வளைந்த வண்டியிலும் இதே கதை. பெயின்ட் அடித்த பிறகு தொடங்கிய தொல்லை என்றால் சென்சார் மேல் பூச்சு தடிமனாகிவிட்டது.

எந்தச் சென்சார் செத்தது என்று பார்க்க எளிய வழி உண்டு. சமதரையில் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை இறுக்கிப் போட்டு, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆனில் வைத்து ரிவர்ஸ் கியர் போடுங்கள். பின்னால் போய் ஒவ்வொரு சென்சார் மேலும் விரலை வையுங்கள். வேலை செய்வது கடிகாரம் போல மெல்லத் துடிக்கும், செத்தது சும்மா இருக்கும்.

டிரெய்லர் மாட்டியபோது மட்டும் அடித்தால் வயரிங்கைப் பாருங்கள். நிறுவனமே பொருத்திய சாக்கெட் என்றால் டிரெய்லர் இணைந்ததை உணர்ந்து பின் சென்சாரைப் பல வண்டிகள் தானாக அணைக்கும். வெளியே டெயில் லைட் வயரை அறுத்து இணைத்த சாக்கெட் என்றால் டிரெய்லர் இருப்பதே வண்டிக்குத் தெரியாது. எல்இடி விளக்கு போட்ட டிரெய்லர் மிகக் குறைந்த கரண்ட்டே இழுப்பதால், டிரெய்லர் கழன்றுவிட்டதாகச் சில வண்டிகள் கூவும். சாக்கெட்டின் பின்களில் பச்சை படிந்திருந்தாலும் அப்படித்தான். கான்டாக்ட் கிளீனர் போட்டுத் தேய்த்துப் பாருங்கள். சென்சாரை அணைத்துவிட்டுப் பின்னால் எடுக்க வேண்டியிருந்தால் இறங்கி ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு எடுங்கள். உயரமான டெயில்கேட்டுக்குப் பின்னால் குழந்தை நின்றால் கண்ணாடியில் தெரியாது.

டயர் விளக்கு

காலைக் குளிரில் வந்து, ஓடிய பிறகு போனால் காற்று உண்மையிலேயே குறைவு. வெப்பம் 5 அல்லது 6 டிகிரி இறங்கினால் சாதாரண டயரில் சுமார் 1 பிஎஸ்ஐ குறையும், அதிகக் காற்றடைக்கும் லோடு டயரில் அதைவிடக் கூடுதலாகவே குறையும். ஓட்டாத வண்டியில், கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுப்படி அடையுங்கள். காலி வண்டி குதிக்கிறது என்று பின் டயரில் காற்றை இறக்குபவர்களுக்கு இந்த விளக்கு நிரந்தரமாக எரியும், அது நியாயமும்கூட. ஸ்டார்ட் செய்ததும் ஒரு நிமிடம் போல மினுக்கிவிட்டு அப்புறம் நிலையாக எரிந்தால் கோளாறு காற்றில் இல்லை, சென்சாரில். சக்கரத்துக்குள் இருக்கும் சென்சாரின் பேட்டரி 5 முதல் 10 ஆண்டு வரைதான் உழைக்கும். சென்சார் இல்லாத ஸ்டெப்னியை மாட்டியிருந்தாலும் இப்படித்தான் காட்டும்.

முன்னால் எதுவும் இல்லாமலே மோதப்போவதாக அலறுகிறது

இந்த எச்சரிக்கைக்காக முன்னால் பார்ப்பவை கேமராவும் ரேடாரும். கேமரா முன் கண்ணாடியின் உள்ளே, ரியர்வியூ மிரருக்குப் பின்னால் இருக்கிறது. ரேடார் கிரில்லுக்கோ பம்பருக்கோ பின்னால் இருக்கும். கண்ணாடியை உள்ளேயும் வெளியேயும் துடையுங்கள். முன்னால் போட்ட இரும்புக் காப்புக் கம்பி ரேடாரை மறைக்கிறதா என்று பாருங்கள். வண்டியை உயர்த்தியிருந்தாலோ, பெரிய டயர் போட்டிருந்தாலோ, முன் கண்ணாடியை மாற்றியிருந்தாலோ கேமராவுக்கு மறுபடி அளவு பொருத்த வேண்டும். அதை வீட்டில் செய்ய முடியாது. பின்னால் கனமான லோடு ஏறினால் மூக்கு தூக்கிக்கொள்ளும், அப்போது மட்டும் அடிப்பது பழுது இல்லை, லோடை முன்னால் நகர்த்தி வையுங்கள். சத்தம் எவ்வளவு தூரத்தில் தொடங்க வேண்டும் என்பதைக் குறைக்கப் பல வண்டிகளில் மெனுவில் இடம் இருக்கும். முழுதாக அணைப்பதைவிட அது நல்லது.

நிறுத்தி வைத்த வண்டி நடுராத்திரியில் ஊரை எழுப்புகிறது

உடனே அடக்க, ரிமோட்டால் கதவைத் திறந்து பாருங்கள். கேட்கவில்லை என்றால் சாவியால் டிரைவர் கதவைத் திறந்து இக்னிஷனை ஆன் செய்யுங்கள், பெரும்பாலும் அடங்கும். மறுநாள் முதலில் பானெட் பூட்டைப் பாருங்கள். மழையும் மண்ணும் படும் இடத்தில் இருப்பதால் அங்கே உள்ள ஸ்விட்ச்தான் அதிகம் கெடுகிறது. அது துருப்பிடித்தால் பானெட்டை யாரோ திறப்பதாக வண்டி நினைக்கும். சுத்தம் செய்து, பானெட்டை நன்றாக அழுத்தி மூடிப் பாருங்கள். அடுத்த சந்தேகம் பேட்டரி. சில மணி நேரம் ஓடாமல் இருந்த பிறகு 12.6 வோல்ட் காட்டினால் நிறைவாக இருக்கிறது, 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான். வலுவிழந்த பேட்டரியின் வோல்ட் ராத்திரியில் இன்னும் இறங்கும்போது சில அலாரங்கள் அதைத் திருட்டு என்று எடுத்துக்கொள்கின்றன. கேபினுக்குள் அசைவை உணரும் சென்சார் இருந்தால், கொஞ்சம் திறந்த ஜன்னலும் கண்ணாடியில் தொங்கும் பொம்மையும் போதும். வெளியே வாங்கிப் பொருத்திய அலாரம் என்றால் அதிர்வுச் சென்சாரில் திருகக்கூடிய ஒரு குமிழ் இருக்கும், சற்றுக் குறைத்து வையுங்கள்.

ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல விளக்குகள் ஒன்றாக எரிகின்றன

ஒரே நாளில் ஐந்து சென்சார் கெடாது. மின்சாரம்தான் சரியாகப் போகவில்லை. இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் ஏறக்குறைய 13.5 முதல் 14.7 வோல்ட் வரை இருக்க வேண்டும். அது சரியாக இருந்தால் எர்த் வயரைப் பாருங்கள். பிக்கப்பில் இது தனிக் கதை. கேபின், சேஸிஸ் மேல் ரப்பர் குஷன்களில் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரம் கடத்தாது, அதனால் இரண்டையும் இணைப்பது சில பின்னல் பட்டைகள் மட்டும்தான். சேற்றிலும் துருவிலும் அவை அரிக்கும், கேபினை இறக்கிய வேலைக்குப் பிறகு திருப்பி மாட்ட மறந்துபோவதும் உண்டு. இன்ஜினை ஓடவிட்டு, எல்லா விளக்கையும் போட்டு, பேட்டரியின் மைனஸுக்கும் கேபினின் பெயின்ட் இல்லாத இரும்புக்கும் இடையே மீட்டரை வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. போல்ட்டைக் கழற்றி இரும்பு பளிச்சிடும் வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்குங்கள்.

ஏர்பேக் விளக்கு

சாவியைத் திருப்பியதும் சில விநாடி எரிந்து அணைய வேண்டும். அணையாமல் நின்றால் மோதும்போது ஏர்பேக் திறக்காமல் போகலாம். ஹாரனும் சேர்ந்து வேலை செய்யவில்லை என்றால் ஸ்டீயரிங்குக்குள் சுருண்டிருக்கும் கேபிள் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். இதை நீங்கள் கண்டுபிடிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஸ்டீயரிங்கைப் பிரிப்பது தெரிந்தவர் வேலை. அவரும் பேட்டரியைக் கழற்றி, கையேடு சொல்லும் நிமிடங்கள் காத்திருந்துதான் கை வைப்பார். பேட்டரியைக் கழற்றிய பிறகும் ஏர்பேக்கைத் திறக்கும் அளவு மின்சாரம் உள்ளே சேமித்து வைக்கப்பட்டிருக்கும்.

ஸ்கேனர் வாங்குவதாக இருந்தால் ஒரு விஷயம். வண்டியின் சாக்கெட்டில் சொருகும் விலை குறைந்த ஓபிடி ஸ்கேனர் பெரும்பாலும் இன்ஜின் கோளாறுகளை மட்டுமே படிக்கும். 'கோளாறு எதுவும் இல்லை' என்று அது காட்டினால் பெல்ட், கதவு, ஏர்பேக் எல்லாம் சரி என்று அர்த்தம் ஆகாது. அந்தப் பகுதிகளையும் படிக்கும் என்று உறுதியாகத் தெரிந்த கருவியை வாங்குங்கள், அல்லது அது வைத்திருப்பவரிடம் காட்டுங்கள். அங்கே வரும் கோளாறு எண்களை அழிப்பதற்கு முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அழித்த பிறகு அதே எண் திரும்பி வருகிறதா, வேறு எண் வருகிறதா என்பதை வைத்துத்தான் அடுத்து எதைக் கழற்றுவது என்று மெக்கானிக் முடிவு செய்வார்.